தூண்டில் சக்கரத்துக்கு விட்ட எண்ணெய்

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் என்னோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களில் இன்னும் கண் தெரிகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் ஆத்து மாட்டுக் கொட்டிலில் ஒரு சமயம் மீன்பிடி சாமான் இருந்ததே, அது உங்களுக்கு ஞாபகம் வரும். தெருவே அதைப் பேசிச் சிரித்தது. சிரித்தவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியைச் சொல்ல இப்போது என்னைத் தவிர ஆளில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், அதுவும் ஐந்தாம் கிளாஸோடு நின்றது. தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகவான் கையெழுத்தைத்தான் கோணலாக்கியிருக்கிறார், ஞாபகத்தை இன்னும் தொடவில்லை.

அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தின் டவுன் ஆபீஸில் குமாஸ்தா. பொன்முடி மலைமேல் இருந்த அந்தத் தோட்டத்துக்குச் சீமையிலிருந்து வரும் சாமான்களை இறக்கி, பிரித்துப் பார்த்து, வண்டியேற்றி அனுப்புவது அவர் வேலை. ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் கடிகாரத்தால் வந்தது. நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்து, யாரிடமும் படிக்காமல் தானே கற்றுக்கொண்டார். யார் ஆத்துக் கடிகாரம் நின்றாலும் எங்கள் ஆத்துக்கு வரும். அப்பா கை வைத்தால் ஓடும். அதில் அவருக்கு இருந்த பெருமையை அவர் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் யாராவது "ஓடலியே" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

ஐப்பசி மழை விட்ட சமயம் மலைத் துரைக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே இரண்டு தூண்டில் சக்கரங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ரீல் என்பார் அப்பா. பித்தளையும் கறுப்பு வார்னிஷுமாக, தங்கப் பூண் போட்ட குங்குமச்சிமிழ் மாதிரி இருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. சீமையிலிருந்து கப்பலில் வருகிற சாமான் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கெட்டியாகக் கொழுப்புப் பூசி அனுப்புவார்களாம். அப்படியே உபயோகித்தால் ஓடாது. திறந்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டு, திருகை முடுக்கியும் தளர்த்தியும் பதம் பார்த்த பிறகுதான் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். துரைக்கு அப்பாவின் கடிகாரக் கை தெரியும். "ஐயரே செய்யட்டும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பா பெட்டியை ஆத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் ஆத்தில் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இருந்தாள். சின்ன வயசிலேயே கணவன் போய், அன்றுமுதல் எங்கள் சமையலறையும் பூஜையும் அவள் கையில். அப்பாவின் கருவிப் பெட்டி பூஜை அலமாரிக்குக் கீழேதான் இருக்கும். அதன் பக்கத்தில் அப்பா இந்தப் பெட்டியை வைத்ததும் அத்தை வந்தாள்.

"என்னடா இது?"

"தூண்டில்ல மாட்டற சக்கரமாக்கும் அக்கா. நூல் சுத்தறது."

"எந்தத் தூண்டில்?"

"மீன் பிடிக்கற தூண்டில்தான்."

"சிவ சிவா! இன்னிக்குச் சக்கரம், நாளைக்கு வலை. அப்புறம் கூடையைத் தலையில வெச்சுண்டு சாலைக் கடைத்தெருவிலே கூவிண்டு போ, நன்னாயிருக்கும்."

"புதுசாக்கும். இது ஒரு மீனையும் இன்னும் கண்டதில்லே."

"காணத்தானேடா போறது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெட்டி மாட்டுக் கொட்டிலுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் வேலை நடந்தது. வைக்கோல் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து வரும். அப்பா ஒரு வாழையிலையை விரித்து, கழற்றின ஒவ்வொரு திருகையும் கழற்றின வரிசையிலேயே வைப்பார். நான் மூச்சுவிட்டால்கூட "தள்ளி நில்லு" என்பார். உள்ளே மஞ்சளாகக் கெட்டிக் கொழுப்பு. பழைய வேஷ்டித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பல்லிடுக்கில் துடைப்பதுபோல் சக்கரப் பல் ஒவ்வொன்றாகத் துடைத்தார். எட்டாத இடத்துக்கு மயிலிறகுக் காம்பு. எல்லாம் பளிச்சென்று ஆன பிறகு, கூட வந்த சின்ன எண்ணெய்த் தகரத்தைத் திறந்தார். அதன்மேல் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்ததுதான் தப்பு.

கொட்டில் வாசலில் நின்ற அத்தை கேட்டாள்: "அது எதுலே எடுக்கற எண்ணெய்?"

அப்பாவுக்குப் பொய் வராது. "கடல்ல திமிங்கிலம்னு ஒண்ணு இருக்கில்லியா. அதோட தலையிலேந்து."

அத்தை உள்ளே போய் அடுப்புக் குறடைக் கொண்டுவந்தாள். அந்தத் தகரத்தைக் குறடால் பிடித்துத் தூக்கிக் கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கை கழுவி, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து சொன்னாள்:

"விளக்குக்குன்னு நான் மடியாக் காய்ச்சி எடுத்த தேங்காயெண்ணெய் இருக்கு. பகவான் முன்னாடி எரியறது உன் மெஷினுக்கு ஆகாதோ?"

அப்பா யோசித்தார். கடிகாரத்துக்கு விடுகிற எண்ணெய் அவரிடம் இருந்தது. ஆனால் அது விரல்நுனி அளவு புட்டி, இந்தச் சக்கரங்களுக்குப் பற்றாது. (அது எதிலிருந்து எடுப்பது என்று அத்தையும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.) கடைசியில், "அதுக்கென்ன, தெளிவாத்தானே இருக்கு" என்றார். இப்போது நினைத்தால், அவர் அக்காவுக்குப் பயந்து மட்டும் அப்படிச் செய்யவில்லை என்று படுகிறது. சுவாமிக்கு ஏற்றுகிற எண்ணெய் மீன்தலை எண்ணெய்க்கு இளைத்ததாக எப்படி இருக்கும் என்று அவருக்கும் மனசில் இருந்தது. அந்த எண்ணெயை மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டி, தாராளமாகவே விட்டார்.

பிறகு பதம் பார்த்தல். சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பிள்ளையார் சுலோகம் ஒன்றைச் சொல்லுவார். சுலோகம் முடிவதற்குள் நின்றுவிட்டால் திருகைத் தளர்த்துவார். ஆட்டம் கண்டால் முடுக்குவார். சாயங்காலத்துக்குள் இரண்டு சக்கரமும் சுலோகம் முடிந்து நாங்கள் குட்டிக்கொண்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர் போல ஓடிற்று. அத்தைகூட எட்ட நின்று பார்த்து, "கொள்ளாமே, நன்னாத்தான் இருக்கு" என்றாள்.

பெட்டி மலைக்குப் போயிற்று. கார்த்திகை கடைசியில் திரும்பி வந்தது, கெட்ட சேதியோடு.

துரைக்குத் தூண்டில் தூக்குகிற ஆள் ஒருவன் இருந்தான். பாறசாலைக்குத் தெற்கேயிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவன், வேதக்காரன் என்பார்கள். விடிகிற சமயம் துரையோடு மலைச்சரிவில் ஓடையில் ஆழமான கசத்துக்கு இறங்கி, தூண்டிலைப் பூட்டி, சக்கரத்தில் நூலைக் கோத்துக் கொடுப்பது அவன் வேலை. அன்று துரையின் தூண்டிலில் பெரிய மீன் விழுந்ததாம். அது ஓடும்போது சக்கரம் சுற்றி நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். சக்கரம் சுற்றவில்லை. தூண்டில் கம்பு ஒடிந்து, நூலும் அறுந்து, மீன் போயிற்று. பங்களாவுக்குத் திரும்பி வெயிலில் வைத்துப் பார்த்தால் சக்கரம் ஜம்மென்று ஓடிற்றாம். "நீ குடிச்சிட்டு வந்து நூலைச் சிக்கலாக்கிட்டே" என்று துரை அவனை அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்திவிட்டார். அப்பாவிடம் சக்கரத்தில் குறை உண்டா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார்.

அப்பா மறுபடி வாழையிலை விரித்துத் திறந்து பார்த்தார். மணல் இல்லை, பல் உடையவில்லை. தட்டிவிட்டுச் சுலோகம் சொன்னார். அது பாட்டுக்குச் சுற்றியது. "குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊர் வெக்கையில் அந்தச் சக்கரத்துக்குக் குறை இல்லைதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் எங்கள் கொல்லை வேலிக்கு அப்புறம் ஒரு பெண் வந்து நின்றாள். வயிற்றில் பிள்ளை, நிறைமாதத்துக்குக் கிட்ட. துரை துரத்திவிட்ட அந்த ஆளின் பெண்டாட்டி. அந்த நாளில் அவளை வேலிக்கு இப்புறம் வரச் சொல்லுகிறவர்கள் எங்கள் தெருவில் இல்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அம்மா தொன்னையில் மோர் ஊற்றி வேலிமேல் வைத்தாள். அவள் அதைத் தொடாமல், அப்பா ஆபீஸிலிருந்து வருகிற வரைக்கும் நின்றாள்.

"சாமி, எனக்க மாப்பிள்ள ரெண்டு வருசம் முன்ன வேதப்புத்தகத்தத் தொட்டு சத்தியம் பண்ணினாரு, இனி குடிக்க மாட்டேன்னு. துரை பறையுதாரு, குடிச்சிட்டு நின்னாருன்னு. தோட்டத்து லயத்துல எல்லாரும் அதத்தான் பறையுதாவ. இவரு பறையுதாரு, விடியக்காலத்த சக்கரம் கல்லுமாதிரி நின்னுது, வெயிலு வந்தப்பம் ஓடிச்சுன்னு. நீங்கதான் அதத் தொறந்து பாத்தவிய. ஒரு வார்த்த பறையணும்."

"வேலைக்காகக் கேக்கறியாம்மா?"

"வேல போனா போட்டும் சாமி. கை இருக்கு. எனக்குத் தெரியணும். சத்தியத்த மீறின ஆளுக்கூட நான் எப்பிடி இருக்கது?"

அப்பா முகம் சுருங்கிற்று. அவள் நிலைமைக்காக இல்லை. அவர் கை வைத்த சக்கரம் கல்லு மாதிரி நின்றது என்று அவள் சொன்னதற்காக. அது அன்று எனக்குத் தெரியவில்லை.

"வெயில்ல ஓடி நிழல்ல நிக்கற மெஷினை நான் பார்த்ததில்லேம்மா. ரெண்டு தரம் திறந்து பார்த்தாச்சு. சக்கரத்துமேலே ஒரு குத்தமும் இல்லே."

"நிச்சயமாட்டா சாமி?"

"நிச்சயம்."

அவள் கொஞ்சநேரம் அப்பா நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க சாமி கும்பிடுதவிய. கள்ளம் பறைய மாட்டிய" என்றாள். போய்விட்டாள். மோர் வேலிமேலேயே இருந்தது. காக்காய் வந்து தட்டிவிட்டது.

மார்கழி பாதியாயிற்று. அந்த வருஷம் எங்கள் ஊருக்கு வழக்கமில்லாத குளிர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, எனக்கு எண்ணெய் தேய்த்துவிட அம்மா புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. அம்மா ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து என் உச்சந்தலையில் வைத்தாள். நான் "சில்லுங்கறது" என்று கத்தினேன். ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா கையிலிருந்து புட்டியை வாங்கினார். முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் வைத்து, எதிரே குந்தி உட்கார்ந்தார். ஓரத்தில் முதலில் தெளிந்தது. பிறகு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்தது. பிறகு அதுவும் இல்லை. தேங்காயெண்ணெய் குளிரில் உறையும் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும். சமையலறையில் தெரிந்தது அப்பாவுக்குக் கொட்டிலில் தெரியாமல் போயிற்று. பொன்முடிக் குளிரை அவர் நினைக்கவே இல்லை.

"நான் தந்த எண்ணெய்தானேடா" என்றாள் அத்தை. அவள் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. "பகவானுக்கு ஏத்தற எண்ணெய்."

"எண்ணெய்மேலே தப்பில்லே அக்கா. ‘நிச்சயம்'னு சொன்னது நான்."

அம்மா வெப்ராளப்பட்டுப் பதறிப்போனாள். "துரைகிட்டே போய்ச் சொல்லப்போறேளா? அவர் எண்ணெயைக் குழியிலே புதைச்சுட்டு ஆத்து எண்ணெயை விட்டேன்னு சொன்னா வேலை இருக்குமா? நான் இதை வெச்சுண்டு எங்கே போவேன்?" என்று என்னைக் காட்டினாள்.

அத்தைதான் சொன்னாள்: "நீ போ. போறச்சே இவளையும் கூட்டிண்டு போ. கையைப் பிடிச்சுண்டு ஒரு பொண்குழந்தை நின்னா எந்தத் துரையும் ரொம்பக் கத்தமாட்டான்."

அப்படித்தான் நான் பொன்முடி பார்த்தேன். விதுரை வரை பஸ், அப்புறம் தோட்டத்து மாட்டுவண்டி. கல்லாறு தாண்டியதும் ஏற்றம். வண்டி வளைந்து வளைந்து ஏறினபோது எனக்கு வாந்தி வந்தது. அப்பா வழிநெடுக மனசுக்குள் ஜபம் பண்ணிக்கொண்டு வந்தார். உதடு மட்டும் அசையும்.

துரை சிவந்த முகமும் பெரிய மூக்குமாக வராந்தாவில் இருந்தார். அப்பா இங்கிலீஷில் சொன்னார். துரை பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சக்கரத்தைச் சுண்டினார். அது சுற்றிற்று. அவர் தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "ஐயர், நீ நல்ல ஆளு. அந்தக் குடிகாரனுக்காகப் பொய் சொல்லுது."

அப்பா இன்று இரவு இரண்டு சக்கரத்தையும் வராந்தாவிலேயே வைக்கவேண்டும் என்று கெஞ்சினார். துரை தோளைக் குலுக்கினார். நாங்கள் ஆபீஸ் பக்கத்து அறையில், கொண்டுபோன புளியஞ்சோற்றைச் சாப்பிட்டுப் படுத்தோம். காலையில் எழுந்தால் புல்லெல்லாம் வெள்ளை. வாயைத் திறந்தால் புகை. துரை கம்பளிக் குல்லாயோடு வந்து பெரிய சக்கரத்தைச் சுண்டினார். நகரவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். மெழுகில் மாட்டினமாதிரி இழுத்து நின்றது. சின்னதும் அப்படியே. மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

"ஏய், இது என் ஆயா தலை வாசம்!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை போகும், கத்துவார் என்றெல்லாம் நாங்கள் பயந்தோமே, ஒன்றுமே இல்லை. அவருக்கு அது ஒரு வேடிக்கை. "அவனை வரச் சொல்லு, வேலை குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை. துரை சிரித்ததுதான் அப்பாவை இன்னும் அதிகமாகச் சுட்டது என்று இப்போது தெரிகிறது.

அந்த ஆள் கல்லாற்றில் ஒரு சாயாக்கடைக்கு விறகு பிளக்கிறான் என்றார்கள். இறங்கினோம். கடைக்குப் பின்னால், ஆற்றுப் பாறைமேல் மல்லாந்து கிடந்தான். வெயில் ஏறியிருந்தது. கிட்டப் போனதும் எனக்குப் புளித்த வாசனை அடித்தது.

அப்பா அவன் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய், உறைந்தது, துரை ஒப்புக்கொண்டது. அவன் எழுந்து உட்கார்ந்து கேட்டான். கண் சிவந்திருந்தது.

"அவ போயிட்டா சாமி. தாய்வீட்டுக்கு. நீங்க பறைஞ்ச அன்னைக்கு ராவே." பிறகு சிரித்தான். "அன்னைக்கு நான் குடிக்கல்ல. இப்பம்தான் குடிச்சிருக்கேன்."

அப்பா அந்த ஈரப் பாறைமேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை எங்கேயும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பிறகு அவன் கையைப் பிடித்து எழுப்பினார். ஆற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அவன் தலையில் விட்டார். தன் மேல்துண்டாலேயே துடைத்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் மறித்தான். கள்ளு குடித்தவனை ஏற்றமுடியாது என்றான்.

"என்றெ ஆளாணு," என் ஆள் என்று, அப்பா மலையாளத்தில் சொன்னார். அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அவன் தூங்கி அப்பா தோளில் சாய்ந்தான். திருவனந்தபுரத்தில் பஸ் மாறித் தெற்கே போனோம். கரமனைப் பாலம் தாண்டி, எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் அந்த பஸ் போயிற்று. எனக்குப் பசி. அப்பா இறங்கவில்லை.

பாறசாலையில் இறங்கி, பனைமரங்களுக்கு நடுவே நடந்து அவள் வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்கிற நேரம். ஓலை வீடு. அவள் வெளியே வந்தாள். நிறைவயிற்றோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முதலில் அவனைப் பார்த்தாள், மோப்பம் பிடித்தவள் மாதிரி முகத்தைத் திருப்பினாள்.

"அம்மா," என்றார் அப்பா. அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "அன்னிக்கு இவன் குடிக்கலே. சக்கரம் நின்னது நிஜம். நான் விட்ட எண்ணெய் குளிர்லே உறைஞ்சு நின்னது. நேத்து ராத்திரி துரை பங்களாவிலே வெச்சுப் பார்த்தாச்சு. துரையும் பார்த்தார், இந்தக் குழந்தையும் பார்த்தா. சத்தியத்தை இவன் மீறலே. இன்னிக்குக் குடிச்சிருக்கான். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இத அன்னைக்கே பறைஞ்சிருக்கப்பிடாதா சாமி?"

"அன்னிக்கு எனக்குத் தெரியலேம்மா."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"தெரியல்லன்னு பறைஞ்சிருக்கலாமே."

அப்பா கைகூப்பினார். கூப்பின கையை இறக்கத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டே இருந்தார். அவள் புருஷனுடைய முழங்கையைப் பிடித்து, வாசலில் தலை இடிக்காமல் குனியவைத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.